குதிர் இல்லாத வீடு: ஒரு தடை ஓட்ட வீராங்கனையும் கொழுப்பின் மரபணுவும்

2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் கனடாவின் பிரிசில்லா லோப்ஸ்-ஸ்லீப் வெண்கலம் வென்றார். மறு ஆண்டு பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி. ஆனால் அவருடைய படத்தைப் பார்த்தவர்கள் பதக்கத்தைவிட அவருடைய தோளையும் தொடையையும் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். தோலுக்கடியில் துளிக் கொழுப்பும் இல்லாததுபோல ஒவ்வொரு தசையும் தனித்தனியாகத் தெரியும். பேச்சு வழக்கில் நாம் நரம்பு என்று சொல்லும் சிரைகள் கயிறு முறுக்கியதுபோலப் புடைத்திருக்கும். ஊக்கமருந்தாகத்தான் இருக்கும் என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்கள். சோதனைக்கு மேல் சோதனை நடந்தது. எதுவும் அகப்படவில்லை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இன்னொரு பெண். கை கால்கள் குச்சிபோல மெலிந்தவர். நடப்பதே அவருக்குப் பாடு. அவருடைய சகோதரி ஒரு நாள் இணையத்தில் லோப்ஸ்-ஸ்லீப்பின் படத்தைக் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் அயோவாப் பெண்ணுக்குத் தோன்றியது: இவருக்கும் எனக்கும் ஒரே மரபணுவில் கோளாறு. ஒருவர் உலகின் வேகமான பெண்களில் ஒருவர், மற்றவர் படியேற முடியாதவர். மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் புகைப்படத்தை மட்டும் பார்த்துச் சொன்ன இந்த நோயறிதல் சரியாக இருந்தது. 2016-இல் அமெரிக்க ஊடக நிறுவனமான புரோபப்ளிகா இதை விரிவாக வெளியிட்டது. கொழுப்புத் திசுவைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அயோவாவிலிருந்து இத்தாலிக்கு

அந்தப் பெண் சிறு குழந்தையாக இருந்தபோதே அடிக்கடி தடுக்கி விழுந்தார். ஏதோ தசை நோய் என்றார்கள். பெயர் சொல்லத் தெரியவில்லை. பருவமடையும் வயதில் இன்னொன்றும் நடந்தது. கை கால்களில் இருந்த கொழுப்பு காணாமல் போனது. பள்ளியில் கேலி.

கல்லூரிக்குப் போனதும் நூலகத்தில் தசைச் சிதைவு நோய்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தார். எமரி-டிரைஃபஸ் தசைச் சிதைவு என்ற அரிய நோயின் படங்கள் அவரை நிறுத்தின. அந்தக் கைகள் அவருடைய அப்பாவின் கைகள். அந்த நோயில் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும், திடீர் மரணம்கூட நேரும் என்று படித்ததும், இதயக் கோளாறு இருந்த அப்பாவை மீண்டும் மருத்துவரிடம் அனுப்பினார். அவருக்கு இதயமுடுக்கி பொருத்தப்பட்டது.

எமரி-டிரைஃபஸ் நோயின் மரபணுவைத் தேடிக்கொண்டிருந்த ஓர் இத்தாலிய ஆய்வுக் குழுவுக்குக் கடிதம் எழுதி, குடும்பத்தாரின் ரத்த மாதிரிகளையும் அனுப்பிவைத்தார். 1999-இல் விடை வந்தது: முதலாம் குரோமோசோமில் உள்ள எல்.எம்.என்.ஏ. என்ற மரபணு. லேமின் ஏ, லேமின் சி என்ற இரண்டு புரதங்களுக்கான குறிப்பு அதில் இருக்கிறது. உயிரணுவின் கருவைச் சுற்றி உட்புறமாக ஓடும் வலைச் சட்டகம் இந்தப் புரதங்களால் ஆனது. கூரைக்கு அடியில் ஓடும் கைமரங்களைப்போல.

தசைக்கு விளக்கம் கிடைத்தது. காணாமல் போன கொழுப்புக்கு? ஓர் ஆய்வகத்தில் கோடைகாலப் பயிற்சியில் இருந்தபோது உடலின் சில இடங்களில் மட்டும் கொழுப்பு கரையும் 'பகுதி லிப்போடிஸ்ட்ரோபி' என்ற நோயைப் பற்றிப் படித்து, தனக்கு இதுவும் இருக்கிறது என்று சொன்னார். இரண்டு அரிய நோய்கள் ஒருவருக்கே வரும் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று எடுத்துச் சொல்லி மருத்துவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அவர்களுடைய கணக்கு தப்பில்லை. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று வைத்துக்கொண்டதுதான் தப்பு.

கிளாஸ்கோவின் குடும்பங்கள்

இந்த லிப்போடிஸ்ட்ரோபிக்கு ஒரு முன்கதை உண்டு. 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டன்னிகன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இரண்டு குடும்பங்களை விவரித்தார்கள். அந்தக் குடும்பங்களின் பெண்களுக்குக் குழந்தைப் பருவத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. பருவமெய்தியதும் கை, கால், பிட்டம் ஆகிய இடங்களில் கொழுப்பு மறைந்து தசை துருத்தித் தெரியும். முகத்திலும் கழுத்திலும் மட்டும் கொழுப்பு கூடும். பிறகு சர்க்கரை நோய், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிதமிஞ்சிய அளவில், வீங்கிய கல்லீரல். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

குடும்பத்து ஆண்களுக்கும் இந்தப் பிறழ்வு வரும். ஆனால் ஒல்லியான, முறுக்கேறிய ஆணின் உடலைப் பார்த்து யார் நோய் என்பார்கள்? நல்ல கட்டு என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். மருத்துவப் பதிவுகளில் பெண்களே நிறைந்திருப்பதற்கு இந்தப் பாராட்டும் ஒரு காரணம்.

1998-இல் இந்த நோயின் இருப்பிடம் முதலாம் குரோமோசோமின் ஒரு பகுதி என்று கண்டறிந்தார்கள். அந்தப் பகுதியில் மரபணுக்கள் ஏராளம். எது என்று தெரியவில்லை. கனடாவின் மரபணு ஆய்வாளர் ராபர்ட் ஹெகலே யோசித்த விதம்தான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம். எமரி-டிரைஃபஸ் நோயில் தசை எல்லா இடத்திலும் கரைவதில்லை, சில இடங்களில் மட்டும் கரைகிறது. லிப்போடிஸ்ட்ரோபியில் கொழுப்பும் அப்படியே. இரண்டுக்கும் ஒரே மரபணு காரணமாக இருந்தால் என்ன என்று கேட்டார். தசைக்காரர்கள் தசையை மட்டும் பார்த்தார்கள், கொழுப்புக்காரர்கள் கொழுப்பை மட்டும் பார்த்தார்கள். இவர் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். 2000-இல் அவரும் சக ஆய்வாளர் காவோவும் எல்.எம்.என்.ஏ.வைப் படித்தபோது, கனடாக் குடும்பங்களில் லேமின் புரதத்தின் 482-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளுட்டமின் என்ற வேறொன்று இருந்தது. ஓர் எழுத்துப் பிழை. அதே ஆண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேறு குழுக்கள் இதே மரபணுவை வந்தடைந்தன.

ஒரே மரபணுவில் விழும் பிழை ஒருவருக்குத் தசையையும் மற்றவருக்குக் கொழுப்பையும் ஏன் தின்கிறது? ஒரு பகுதி விடை, பிழை விழும் இடத்தில் இருக்கிறது. தசை நோய் தரும் பிழைகள் பல, புரதத்தின் உள்மடிப்பைக் கலைத்து அதன் வடிவத்தையே குலைக்கின்றன. 482-ஆம் இடம் புரதத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. அங்கே பிழை விழுந்தால் வடிவம் நிற்கும், மற்ற மூலக்கூறுகள் வந்து ஒட்டும் விதம் மாறும். லேமின் சட்டகமாக மட்டும் இருப்பதில்லை, எந்த மரபணு விழித்திருக்க வேண்டும் எது உறங்க வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. முதிராத உயிரணு கொழுப்பணுவாக வளரும் வழியில் இந்த மேற்பரப்பு மாற்றம் குறுக்கே நிற்கிறது.

அயோவாப் பெண்ணின் விடாமுயற்சியால் ஓட்டக்காரருக்குச் செய்தி போனது. இருவரும் கனடாவில் சந்தித்தார்கள். டல்லாஸில் லிப்போடிஸ்ட்ரோபியையே பல்லாண்டுகள் ஆராய்ந்த அபிமன்யு கர்கிடம் பரிசோதனை நடந்தது. லோப்ஸ்-ஸ்லீப்புக்கும் பகுதி லிப்போடிஸ்ட்ரோபி. மரபணு அதே எல்.எம்.என்.ஏ., பிழை விழுந்த இடம் வேறு. ஆச்சரியம் இதோடு முடிந்திருந்தால் இது வெறும் சுவையான கதை. பரிசோதனை அறிக்கையில், ஒலிம்பிக் பதக்கம் வென்ற அந்த உடலின் ட்ரைகிளிசரைடு இயல்பைப்போல மூன்று மடங்கு இருந்தது. கணைய அழற்சி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற நிலை. கொழுப்பை அடியோடு குறைத்த உணவுக்கு உடனே மாறச் சொன்னார்கள்.

நெல் எங்கே போகும்?

உடலில் கொழுப்பே இல்லாதவரின் ரத்தத்தில் கொழுப்பு எப்படி மிதக்கும்? இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான். பழைய வீடுகளில் குதிர் இருந்தது. அறுவடை முடிந்து வந்த நெல் அதில் போகும். நெல் வருவது நிற்காமல் குதிர் மட்டும் உடைந்துபோனால் நெல் கூடத்தில் கொட்டும், அடுக்களையில் கொட்டும், பூஜை அறையிலும் கொட்டும். எலி வரும். கொழுப்புத் திசு அந்தக் குதிர்தான். சாப்பிட்ட கொழுப்பு ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் வரும்போது, இன்சுலின் சைகை கொடுக்க, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பணுக்கள் அதை வாங்கி அடைத்துக்கொள்ள வேண்டும். வாங்க ஆளில்லாவிட்டால் அது ரத்தத்திலேயே சுற்றும், கல்லீரலில் படியும், தசைக்குள் புகும், கணையத்தைப் புண்ணாக்கும். கல்லீரலிலும் தசையிலும் தேங்கும் கொழுப்பின் இடைப்பொருள்கள் இன்சுலினின் சைகையை மழுக்குகின்றன. கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரந்து களைக்கிறது. கடைசியில் சர்க்கரை நோய்.

பருமனான ஒருவருக்கு வரும் நோய்ப் பட்டியலும் இதேதான் என்பதைக் கவனியுங்கள். கல்லீரல் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு, இன்சுலினுக்கு மசியாத உடல், மாரடைப்பு. அவருக்குக் குதிர் இருக்கிறது, நிரம்பி வழிகிறது. இவருக்குக் குதிரே இல்லை. கூடத்தில் கொட்டிக் கிடக்கும் நெல் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

இதை உவமையோடு விடாமல் எலியில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 1998-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் வெள்ளைக் கொழுப்பு ஏறக்குறைய அறவே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்குக் கடுமையான சர்க்கரை நோய் வந்தது. 2000-இல் அந்த எலிகளின் தோலுக்கடியில் ஆரோக்கியமான எலியின் கொழுப்பைப் பதித்தார்கள். சர்க்கரை இறங்கியது. கொழுப்பை ஏற்றி நோயைத் தணித்த அறுவை! இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு பரிசோதனை: லெப்டின் என்ற இயக்குநீரைச் சுரக்க முடியாத எலியின் கொழுப்பை எடுத்துப் பதித்தபோது அது பலிக்கவில்லை.

அப்படியானால் கொழுப்புத் திசு வெறும் குதிரும் இல்லை, கணக்குப்பிள்ளையும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டினின் மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்பணுக்கள் சுரக்கும் இந்த இயக்குநீர் கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கிறது. கணக்கு வராவிட்டால், பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை முடிவுகட்டும். 1997-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் விவரித்த பாகிஸ்தான் வம்சாவளிக் குழந்தைகள் இருவருக்கு லெப்டின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அவர்களில் 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. தீராத பசி. கொழுப்பு கரைந்துபோன லிப்போடிஸ்ட்ரோபி நோயாளிகளுக்கும் லெப்டின் மிகக் குறைவு. அதே தீராத பசி. குதிர் இல்லாத வீட்டுக்குள் மேலும் மேலும் நெல் வந்துகொண்டே இருக்கிறது என்பது இதன் கொடுமை.

2002-இல் எலிஃப் ஓரலும் சகாக்களும் கடுமையான லிப்போடிஸ்ட்ரோபி உள்ள 9 பெண்களுக்கு நான்கு மாதம் லெப்டின் ஊசி போட்டார்கள். ட்ரைகிளிசரைடு சராசரியாக 60 சதவீதம் இறங்கியது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 1.9 புள்ளி குறைந்தது. அதன் அடிப்படையில் உருவான மெட்ரலெப்டின் மருந்துக்கு 2014-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அங்கே அது உடல் முழுவதும் கொழுப்பு இல்லாதவர்களுக்கு மட்டும். சாதாரணப் பருமனுக்கு இதே லெப்டினைக் கொடுத்துப் பார்த்துப் பெரிய பலன் கிட்டவில்லை. அவர்கள் ரத்தத்தில் அது ஏற்கெனவே நிறைய ஓடுகிறது, மூளைதான் காது கொடுப்பதில்லை.

முதுமை

2003-இல் எல்.எம்.என்.ஏ. மீண்டும் செய்தியானது. ப்ரோஜீரியா என்ற நோயில் குழந்தைகள் சில வயதிலேயே முதியவர் தோற்றம் அடைந்து, பதின்பருவத்தில் மாரடைப்பாலோ பக்கவாதத்தாலோ இறந்துபோகிறார்கள். அதற்கும் இதே மரபணுவில் ஓர் எழுத்து மாற்றம்தான் காரணம் என்று தெரியவந்தது. அந்த மாற்றத்தால் 50 அமினோ அமிலங்கள் விடுபட்ட ப்ரோஜெரின் என்ற குறைப்புரதம் உருவாகிறது. அந்தக் குழந்தைகளிடமும் ஆரம்பத்திலேயே தோலடிக் கொழுப்பு கரைகிறது. நோய் இல்லாத முதியவர்களின் உயிரணுக்களிலும் ப்ரோஜெரின் சிறிய அளவில் இருப்பதை 2006-இல் கண்டார்கள். இதை வைத்து முதுமையின் ரகசியம் அகப்பட்டது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த அவசரம் இல்லை. சிறிய அளவு என்பது சிறிய அளவுதான்.

ஆனால் சாதாரண முதுமையை இந்த நிகழ்வின் வெளிச்சத்தில் பார்ப்பதில் தவறில்லை. வயது ஏற ஏறக் கை கால்களில் தோலடிக் கொழுப்பு மெலிகிறது, வயிற்றுக்குள் குடலைச் சுற்றிக் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது வேகமாக நடக்கும். எடைக் கருவி பத்து ஆண்டாக ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளே நெல் இடம் மாறியிருக்கும். வளர்ந்தவர்களின் கொழுப்பணுக்களில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இறந்து புதிதாகப் பிறக்கின்றன, மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய மாறுவதில்லை என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 அணுக்களைக் கடிகாரமாக வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதைப் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. எப்படியோ, நம் குதிரின் அறைகள் இளமையிலேயே பெரும்பாலும் எண்ணி முடிக்கப்பட்டுவிடுகின்றன.

அரிய நோயைப் பற்றி ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். 2015-இல் பல லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒரு பிரிவினையைக் காட்டியது. உடல் பருமனைத் தீர்மானிக்கும் மரபணு இடங்கள் பெரும்பாலும் மூளையில் வேலை செய்பவை. பசியும் நிறைவும் அவற்றின் பொறுப்பு. கொழுப்பு இடுப்பில் சேருமா வயிற்றில் சேருமா என்று தீர்மானிப்பவையோ கொழுப்புத் திசுவிலேயே வேலை செய்பவை. அவற்றில் பலவும் பெண்களிடம் கூடுதல் வலுவோடு இயங்குகின்றன, டன்னிகனின் குடும்பங்களில் கண்டதுபோலவே. 2017-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஆய்வு, இன்சுலின் தடையோடு தொடர்புள்ள 53 மரபணு இடங்களைக் கண்டது. அவற்றை அதிகம் சுமப்பவர்களுக்குக் கை கால்களில் கொழுப்பு குறைவு. அரிய நோயில் ஓர் எழுத்து ஒரே அடியில் செய்வதை, பொதுமக்களிடம் பல எழுத்துகள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கின்றன.

பியோகிளிட்டசோன் மாத்திரை போட்ட சர்க்கரை நோயாளிகள் சிலர், எடை கூடுகிறதே என்று பதறுவதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த மருந்து வேலை செய்யும் ஒரு வழியே புதிய கொழுப்பணுக்களை வளர்ப்பதுதான். எடை கூடும், சர்க்கரை இறங்கும். அதற்கு வேறு பக்க விளைவுகள் உண்டு என்பதால் இதை மருந்துக்கான பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எடை குறைந்தால்தான் சர்க்கரை இறங்கும் என்ற சூத்திரத்துக்கு இது அடங்காது.

நம் ஊர் உடல்

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் அருகருகே வெளிவந்தது. லண்டனின் ஜான் யுட்கின், புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. மருத்துவ அட்டவணைப்படி இருவருக்கும் இயல்பான எடை. அளந்து பார்த்தபோது யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். புனேயின் கிராமங்களில் பிறந்த எடை குறைந்த குழந்தைகளிடமும் தசை குறைந்து கொழுப்பு காக்கப்பட்டிருப்பதை யாக்னிக் காட்டியிருக்கிறார். தெற்காசியர்களின் தோலடிக் குதிர் சிறியது, அதனால் சீக்கிரம் நிரம்பி உள்ளுறுப்புகளுக்கு வழிகிறது என்பது ஒரு கருதுகோள். இதில் மரபணுவின் பங்கு எவ்வளவு, கருவறையில் தாய் உண்டதின் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எல்லாப் பழியையும் மரபணுமேல் போடுவது எனக்கு உவப்பில்லை. அயோவாப் பெண்ணுக்கு ஓர் எழுத்து விதித்தது வேறு, மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் நாற்காலியும் நமக்கு விதிப்பது வேறு.

இருந்தாலும் டன்னிகன் வகை நோய் இங்கே இல்லாமல் இல்லை, காணாமல் போகிறது. ஒல்லியான முப்பது வயதுப் பெண். கழுத்துப் பின்புறம் வெல்வெட்போலக் கருமை. மாதவிடாய் ஒழுங்கில்லை. ரத்தம் எடுத்தால் சீரம் பால்போல வெளுத்திருக்கிறது. சர்க்கரைக்கு மருந்தளவு ஏறிக்கொண்டே போகிறது. முகம் சற்று உப்பலாக இருப்பதால் யாரும் கால்களைப் பார்ப்பதில்லை; புடவை மறைத்துவிடுகிறது. அம்மாவுக்கும் சித்திக்கும் சர்க்கரை என்பதால் குடும்ப வாகு என்ற ஒரு சொல்லில் விசாரணை முடிந்துவிடுகிறது. குடும்ப வாகுதான், ஆனால் எந்த மரபணு என்று கேட்டிருக்கலாம்.

இடுப்பளவு எடுக்க இப்போது எல்லா மருத்துவமனையிலும் நாடா இருக்கிறது; ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்ற எண்கள் சுவரில் ஒட்டியிருக்கின்றன. 2016-இல் வெளியான பன்னாட்டு நெறிமுறை இன்னோர் இடத்தையும் அளக்கச் சொல்கிறது: தொடையின் முன்பக்கத் தோல் மடிப்பு. இடுக்கிபோன்ற ஒரு சாதாரணக் கருவி போதும். பெண்ணுக்கு 22 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழ், ஆணுக்கு 10 அல்லது அதற்குக் கீழ் வந்து, மற்ற அறிகுறிகளும் சேர்ந்தால் லிப்போடிஸ்ட்ரோபியைச் சந்தேகிக்க வேண்டும். அந்த ஒல்லிப் பெண்ணை உட்காரவைத்து, காலைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். அவருடைய அண்ணனையும் வரச்சொல்ல வேண்டும், அவருக்கு உடம்பு நல்ல கட்டாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னாலும்.